பன்னிரண்டு கோபுரங்களும் ஒரு முழ நிலமும்

1296 ஆகஸ்டில், இன்றைய கம்போடியாவில் இருந்த கெமர் அரசின் தலைநகரான அங்கோருக்கு வந்து இறங்கிய சீனத் தூதுக்குழுவில் ஜோ தாகுவான் என்று ஒருவர் இருந்தார். ஏறக்குறைய 11 மாதம் தங்கிவிட்டு ஊர் திரும்பி, பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தார். வீடு, உடை, அடிமைகள், சந்தை, நோய், குளியல் என்று ஒன்றையும் விடவில்லை. அந்தக் காலத்துக் கெமர் மக்களை நேரில் கண்டு எழுதியவர்களில் நமக்கு எஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். வழக்கு, தண்டனை பற்றிய பகுதியை அவர் ஒரு செய்தியோடு தொடங்குகிறார்: மக்களுக்குள் தகராறு வந்தால், அது எவ்வளவு சின்ன விஷயமானாலும் அரசனிடம்தான் போகுமாம். முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அத்தனை பெரிய நகரம், அத்தனை கோயில்கள், அத்தனை அதிகாரிகள். கோழி அடுத்த வீட்டு நெல்லைக் கொத்திவிட்டது என்ற பஞ்சாயத்தையும் அரசனா கேட்பான்? வெளியூர்க்காரர் யாரோ சொன்னதை அப்படியே எழுதிவிட்டார் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஆனாலும் அந்த வரி போகவில்லை. கம்போடியாவின் இன்றைய தலைநகர் புனோம் பென்னில் வேலைக்காகத் தங்கியிருந்த காலத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு முழ நிலத்துக்காக நடந்த கதையைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, அந்த வரியை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன்.

வீடு மோனிவொங் பாலத்தைத் தாண்டிய பக்கம். வீட்டுக்காரம்மாவை நான் 'மிங்' என்று கூப்பிடுவேன், அங்கே சித்தி, அத்தை வயதுக்காரர்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் என்னை 'க்முய்' என்பார், தன் அண்ணன் பிள்ளை மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் மதில் எழுப்பினார். மதில் தன் நிலத்துக்குள் ஒரு முழம் வந்துவிட்டது என்பது மிங்கின் கட்சி. அவர் கையில் இருந்தது 'மெதுப்பட்டா' என்று நாம் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு தாள். வட்டார அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்தது. நான்கெல்லை விவரம் கையால் எழுதியிருக்கும்: கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் வீடு. அளவு துல்லியமாக இருக்காது. நில அமைச்சகத்தில் பதிவான 'கெட்டிப்பட்டா' வேறு. அதில் அளவு, வரைபடம் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் கைமாறும்போது நூற்றுக்கு 4 வரி கட்ட வேண்டும். அதனால் நகர விளிம்புகளில் பாதிக் கொடுக்கல் வாங்கல் மெதுத்தாளிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நான் நம் ஊர்ப் புத்தியோடு, "கோர்ட்டுக்குப் போகலாமே மிங்" என்றேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "கோழிக்காகக் கோர்ட்டுக்குப் போனால் மாட்டை விற்க வேண்டிவரும், க்முய்" என்றார். அவர் மகள் அதை எனக்கு ஆங்கிலத்தில் விளக்கியபோது கூடவே டீக்காசைப் பற்றியும் சொன்னாள். அங்கே லஞ்சத்துக்கு அதுதான் பெயர்.

முதலில் ஊர்த்தலைவர் வந்தார். டீ குடித்தார், இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றார், போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய வேலையே அதுதான். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வதல்ல, தெருவில் சத்தம் அடங்க வைப்பதுதான் அவர் பொறுப்பு. அடுத்து மிங் செய்த காரியம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. மகளைக் கைபேசியைப் பிடிக்கச் சொல்லி, மதிலுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் நெற்றிக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, 'சம்தேச்' அவர்களே, ஏழை எனக்கு நீதி தாருங்கள் என்று பிரதமரை அவருடைய பட்டப்பெயரால் விளித்து ஒரு வேண்டுகோள் பேசி முகநூலில் போட்டார். ஒரு நாட்டின் பிரதமர் ஒரு முழ மதிலைப் பார்ப்பாரா என்று நான் கேட்டேன். "பார்த்தாலும் பார்ப்பார்" என்றார் மகள், கேலியே இல்லாமல். பார்க்கவில்லை. அதற்கு அப்புறம்தான் மிங் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆள் அனுப்பினார்: விகாரைக்குப் பக்கத்து மரத்தடியில் இருக்கும் நியாக் தாவின் முன்னால் வந்து சத்தியம் செய்யட்டும், தானும் செய்கிறேன், யார் பொய் சொல்கிறார்களோ அவர்களை அது பார்த்துக்கொள்ளும் என்று.

நியாக் தாவை நம் ஊர் எல்லைச்சாமிக்குப் பக்கத்தில் வைத்துப் புரிந்துகொண்டால் பாதி சரியாக இருக்கும். ஊரின் காவலன், நிலத்தின் உரிமையாளன், கோபக்காரன். பௌத்த விகாரை வளாகத்துக்குள்ளேயே தனிக் குடிசையில் அவர் இருப்பார், யாருக்கும் அதில் முரண்பாடு தெரியாது. சத்தியத்துக்கு நாள் குறித்தார்கள். முந்தின இரவு பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசினார். பிறகு, சத்தியமெல்லாம் எதற்கு, என் பிள்ளைகள் சின்னவர்கள் என்றார். மதில் அப்படியே இருக்கட்டும், அதற்கு ஒரு தொகை தருகிறேன், மழைத்தண்ணீரையும் என் பக்கமே விட்டுக்கொள்கிறேன் என்றார். மிங் ஒத்துக்கொண்டார். ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் சிவப்பு மையில் பெருவிரல் பதித்தார்கள். அவர் நிலத்தை எடுத்தாரா இல்லையா என்பது கடைசிவரை யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அரசனின் ஜன்னலுக்கு எதிரே

அங்கோரின் மதில் சூழ்ந்த அரசநகரான அங்கோர் தோமின் அரண்மனைச் சதுக்கத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் யானை மேடையைப் படம் பிடித்துவிட்டு பாயோன் கோயில் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். மேடைக்கு நேர் எதிரே, வெற்றிவாசலுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் ஆறு ஆறாகச் செம்புராங்கல் கோபுரங்கள் நிற்கின்றன, மொத்தம் 12. பிரசாத் சுவோர் பிராத் என்பது இன்றைய பெயர். ஜப்பானியக் குழு ஒன்று பொறுமையாகப் பிரித்துச் சேர்த்து நிமிர்த்தியிருக்கிறது. ஜோ தாகுவானின் கணக்குப்படி இவைதான் அந்த நாட்டின் கடைசி நீதிமன்றம். இரண்டு பேர் வழக்காடி, யார் சரி என்று தெரியாமல் போனால், ஆளுக்கு ஒரு கோபுரத்தில் உட்கார வைப்பார்கள். வெளியே இரண்டு பக்கத்து உறவினர்களும் ஒருவரை ஒருவர் கண்காணித்தபடி காவல் இருப்பார்கள். ஒரு நாளோ, மூன்று நான்கு நாளோ போகும். பொய்க்காரனுக்கு உடம்பு படுத்தும். கட்டி, கொப்புளம், இருமல், காய்ச்சல் என்று ஏதாவது ஒன்றோடு வெளியே வருவான். மற்றவனுக்கு ஒன்றும் ஆகாது. தெய்வத் தீர்ப்பு என்று அவர் எழுதுகிறார். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு மறுத்தவனைக் கொதிக்கும் எண்ணெயில் கைவிடச் சொல்வதையும் எழுதுகிறார். சுசீந்திரத்துக் கைமுக்கைக் கேள்விப்பட்டவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

இந்தக் கோபுரங்கள் உண்மையில் அதற்காகக் கட்டியவைதானா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய ஜன்னல்கள் வைத்த, காற்று புகுந்து விளையாடுகிற கட்டடங்கள் அவை. யாரையும் அடைத்துவைக்கத் தோதானவை அல்ல. கட்டியது எதற்கோ, தூதர் வந்த காலத்தில் பயன்பட்டது இதற்கோ என்னவோ. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த வழக்கத்துக்கு ஒரு சாத்திர வேர் இருக்கிறது. தர்மசாத்திரங்கள் சொல்லும் தெய்வச் சோதனைகளில் துலாக்கோல், நெருப்பு, நீர், விஷம் என்பவற்றோடு கோசம் என்று ஒன்று வரும். உக்கிரமான தெய்வத்தை நீராட்டிய தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டுக் காத்திருப்பது. 14 நாளைக்குள் அரசனாலோ தெய்வத்தாலோ பெருந்தீங்கு எதுவும் வராவிட்டால் அவன் தூயவன் என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. கெமர் அரசவையில் சாத்திரம் அறிந்த பிராமணர்கள் இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று ஏராளம். கோபுரத்தில் உட்கார்த்தி உடம்புக்கு என்ன வருகிறது என்று பார்ப்பது, தண்ணீர் இல்லாத கோசம் மாதிரியே எனக்குத் தோன்றுகிறது.

இது மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஐரோப்பாவில் இடைக்காலத்தில் நடந்த சோதனைகளை வைத்துப் பொருளாதாரக்காரர்கள் சிலர் வேறொரு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்: எல்லோரும் நம்புகிற சோதனையாக இருந்தால், குற்றவாளி அதற்குள் நுழையவே பயப்படுவான், முன்கூட்டியே சமரசத்துக்கு வந்துவிடுவான், ஆகவே சோதனை நடக்காமலேயே வேலை செய்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து மீன் விலை பேசியவரை நினைத்தால் பொருந்துகிறது போலவும் இருக்கிறது. ஆனால் எனக்கு இடிப்பதும் அங்கேதான். அவர் குற்றவாளியாக இருந்ததால் பயந்தாரா, சின்னப் பிள்ளைகளின் தகப்பனாக இருந்ததால் பயந்தாரா? நிலத்தை எடுக்காதவனும் நியாக் தாவின் பெயரில் வாய் திறக்க அஞ்சலாம், குழந்தைக்கு நாளை தற்செயலாகக் காய்ச்சல் வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சலாம். அந்தச் சோதனை உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை. சண்டையை முடித்தது, அவ்வளவுதான். கோபுரத்து வாசலில் நான்கு நாள் எதிரெதிரே உட்கார்ந்திருந்த உறவினர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் யாராவது ஒரு கிழவி, போதும் வாருங்கள் என்றிருப்பாள்.

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சதுக்கத்தின் அமைப்பு கண்ணில் பட்டது. ஒரு பக்கம் அரண்மனை. அரசன் நாளுக்கு இரண்டு தடவை பொன் ஜன்னலில் வாளோடு வந்து நிற்பான், சங்கு ஊதும், மந்திரிகளும் மக்களும் தரையில் தலை வைத்து வணங்குவார்கள், பிறகு சிங்கத்தோலில் உட்கார்ந்து வழக்குக் கேட்பான் என்று ஜோ தாகுவான் எழுதுகிறார். எதிர்ப்பக்கம் தெய்வத்தின் கோபுரங்கள். அரசனுக்குத் தெரியாவிட்டால் தெய்வம். மிங் போன வழியும் அச்சு அசலாக இதுதான், முதலில் சம்தேச், பிறகு நியாக் தா. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீதிபதி இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. அப்படித்தான் முதலில் நினைத்தேன்.

வாசல் நிலையில் 4,000 பெயர்கள்

காலியாக இல்லை என்பதை அதே அரண்மனையின் கிழக்கு வாசல் காட்டிக்கொடுத்தது. கோபுர வாசலின் நிலைக்கல்லில் எழுத்துகள் பொடிப் பொடியாக ஓடுகின்றன. படிக்கத் தெரியாத எனக்குக் கூட அது பட்டியல் என்று புரிந்தது, வரி வரியாக ஒரே அடுக்கு. பிறகு தேடிப் படித்தேன். 1011-ல், அரியணைக்காகப் பல ஆண்டு போர் நடத்தி ஜெயித்த முதலாம் சூரியவர்மன் தன் அதிகாரிகளை வரிசையாக நிற்க வைத்து வாங்கிய சத்தியம் அது. கூடவே சத்தியம் செய்தவர்களின் பெயர்கள், ஏறக்குறைய 4,000. (கரந்தைச் செப்பேட்டில் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பி நட்புத் தேடிய காம்போஜ அரசன் இவன்தான் என்பது பலருடைய கருத்து. போரில் ஜெயித்தவனுக்கும் வெளியே ஒரு துணை தேவைப்பட்டிருக்கிறது.)

சத்தியத்தின் உள்ளடக்கத்தைச் சொல்கிறேன். தமிர்வாச் எனப்படும் கண்காணிப்பு அதிகாரிகள் நாங்கள், புனித நெருப்புக்கும் பிராமணர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் முன்னால், கையைக் கீறி உயிரையும் பக்தியையும் சூரியவர்மதேவருக்கு ஒப்படைக்கிறோம். வேறு அரசனை வணங்க மாட்டோம். எதிரிக்குத் துணை போக மாட்டோம். போர் வந்தால் உயிரைப் பெரிதாக எண்ணாமல் சண்டையிடுவோம். ஏதாவது விஷயத்தை விசாரித்துவரத் தூர தேசத்துக்கு அனுப்பினால், போய் அதைத் துருவி அறிந்துவருவோம். நாங்கள் உண்மையாக இருந்தால் எங்கள் ஊர்க் கோயில்களையும் குடும்பங்களையும் அரசர் பராமரிக்கட்டும். சத்தியம் தவறி ஒளிந்துகொண்டால், சூரிய சந்திரர் உள்ளவரை முப்பத்திரண்டாம் நரகத்தில் பிறப்போம். இதே வாசகம் ஏறக்குறைய மாறாமல் இருபதாம் நூற்றாண்டுவரை புனோம் பென் அரண்மனையில் அதிகாரிகள் செய்த பிரமாணத்தில் இருந்தது என்று, இந்தக் கல்வெட்டுகளைப் படித்துத் தந்த ஜார்ஜ் செதேஸ் எழுதியிருக்கிறார்.

என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று நான் திரும்பத் திரும்பத் தேடினேன். வழக்கை நேர்மையாக விசாரிப்போம் என்று இல்லை. குடிகளிடம் அதிகமாக வாங்க மாட்டோம் என்று இல்லை. குடிகள் என்ற சொல்லுக்கே இடமில்லை. ஆக, நடுவில் ஆள் இருந்திருக்கிறார்கள், நாலாயிரம் பேர் இருந்திருக்கிறார்கள். எல்லோரும் மேலே பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். இதற்குப் பிறகு ஜோ தாகுவானின் அந்த முதல் வரி எனக்கு மிகையாகப் படவில்லை. சின்னச் சண்டைகூட அரசனிடம் போனது என்றால், அரசன் எல்லாவற்றையும் கேட்டான் என்று பொருளில்லை. வேறு யாரிடம் போனாலும் அது தங்களுக்காகக் கேட்கப்படாது என்று சனங்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்றாட வாழ்க்கையில் சட்டம் என்று எது கண்ணில் பட்டது என்று அந்தத் தூதரின் குறிப்புகளில் தேடினால், முழுக்க முழுக்க அந்தஸ்துச் சட்டம்தான். சாதாரணக் குடியின் கூரையில் ஒரு ஓடுகூட ஏறக்கூடாது, ஓலைதான். முழுக்கப் பூ போட்ட துணி அரசனுக்கு மட்டும். அதிகாரிக்கு இத்தனை பூ என்று கணக்கு. பல்லக்கின் கம்பு தங்கமா வெள்ளியா, குடையின் பிடி எத்தனை என்று பார்த்தே எதிரே வருபவரின் பதவி தெரிந்துவிடும். புதிதாக வந்த சீனன் ஒருவன் தெரியாமல் தடை செய்யப்பட்ட பூத்துணியைக் கட்டிக்கொண்டால் மட்டும் மன்னித்துவிடுவார்களாம், அவனுக்கு முறை தெரியாது என்று. இந்த ஒரு விதிவிலக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சந்தை முழுக்கப் பெண்கள் கையில், விடிந்ததும் கூடி நண்பகலுக்குள் கலைந்துவிடும், தரையில் பாய் விரித்து வியாபாரம், உட்கார்ந்த இடத்துக்கு அதிகாரிக்கு வாடகை. சில்லறை வியாபாரத்துக்கு அரிசி, பெரியதற்குத் துணி, அதற்கும் மேலே தங்கம் வெள்ளி. மனு எழுதிக் கொடுக்கும் எழுத்தர் கடைகளும் இருந்திருக்கின்றன. படித்ததும் நம் தாலுகா ஆபீஸ் வாசல் மரத்தடி ஞாபகம் வந்தது. அரசனிடம் போக வேண்டுமானாலும் நடுவில் ஒருவனுக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நில வழக்குகளில் நிலைமை வேறு என்று சொல்லலாம், ஏனென்றால் அங்கோர் காலத்துக் கெமர் கல்வெட்டுகளில் கணிசமானவை நிலத்தைப் பற்றியவை. யாரிடம் வாங்கியது, என்ன விலை, வெள்ளிப் பாத்திரம் எத்தனை, துணி எத்தனை, எருமை எத்தனை, எல்லையை நடந்து காட்டிய ஊர்ப் பெரியவர்கள் யார் என்றெல்லாம் வருகிறது. எல்லைக் கல்லைப் பிடுங்கிப் பிறர் நிலத்தைச் சொந்தம் கொண்டாடியவர்களுக்கு உதடும் கையும் வெட்டப்பட்ட செய்தியும் வருகிறது. ஆனால் கவனித்தால், கல்லில் ஏறியதெல்லாம் கோயிலுக்கு நிலம் விட்ட பெரிய குடும்பங்களின் வழக்குகள். ஒரு முழ மதிலுக்குக் கல்வெட்டு இல்லை.

இரக்கமும் மேலிருந்தே

இதையெல்லாம் வைத்து அந்த அரசுகள் கொடூரமானவை என்று ஒரேயடியாக எழுதிவிடவும் மனம் வரவில்லை. ஏழாம் ஜெயவர்மனின் மருத்துவமனைக் கல்வெட்டுகள் குறுக்கே வந்து நிற்கின்றன. குடிகளின் நோயை அவன் தன் நோயைவிட அதிகமாக அனுபவித்தான், குடிகளின் துன்பமே அரசரின் துன்பம், தன் துன்பம் துன்பமல்ல என்று சொல்கிற சமஸ்கிருத வரிகள் அவை. நாடு முழுக்க 102 மருத்துவமனைகள் என்று 1186-ன் தா புரோம் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது, நான்கு வருணத்தாருக்கும் சிகிச்சை. 1191-ன் பிரேயா கான் கல்வெட்டில் சாலையோரச் சத்திரங்கள் 121. அதே தா புரோம் கல்வெட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: அந்த ஒரு கோயிலைப் பராமரிக்க 3,140 ஊர்களிலிருந்து 79,365 பேர். அவர்களுக்கு அதில் விருப்பமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மருந்தும் சத்திரமும் மேலிருந்து வந்தன, கட்டளையும் அங்கிருந்தே வந்தது. நோய்க்காகப் பரிதாபப்பட்ட அரசனிடம், எங்களை ஏன் கணக்கில் சேர்த்தாய் என்று வழக்குப் போட ஒரு படி இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை எனக்கே தேவைப்படுகிறது. கம்போடியா ஆயிரம் வருடமாக மாறவே இல்லை, அந்த மக்கள் அரசனைக் கும்பிட்டுப் பழகியவர்கள் என்பது பிரெஞ்சுக்காரர்களுக்கு மிகவும் வசதியாக இருந்த கதை. 1884-ல் நோரோதோம் அரசனிடம் துப்பாக்கி முனையில் கையெழுத்து வாங்கி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டவர்கள், அந்தக் கதையின் நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். 1916-ல் அது கலைந்தது. வரியும் கட்டாய வேலையும் தாங்காமல் பல்லாயிரக்கணக்கான குடியானவர்கள் மாகாணங்களிலிருந்து புனோம் பென்னுக்கு நடந்தே வந்தார்கள். அதிகாரம் ரெசிடென்ட் எனப்பட்ட பிரெஞ்சு நிர்வாகியின் கையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் அரண்மனைக்குத்தான் வந்தார்கள். சிசோவத் அரசன் வெளியே வந்து பேசி ஊர் திரும்பச் சொன்னான். கும்பிட்டுப் பழகியவர்கள் என்று இதைப் படிக்கலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. கும்பிடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கும்பிடப்படுகிறவன் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அது உண்டாக்குகிறது. 1925-ல் கம்போங் சினாங்கில் வரி கேட்டுப் போன பெலிக்ஸ் பார்தே என்ற பிரெஞ்சு அதிகாரியை ஒரு கிராமமே அடித்துக் கொன்றது. அவனைக் கும்பிட அவர்களுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. தண்டனையாக அந்தக் கிராமத்துக்கு மிருகம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டி ஆணை பிறப்பித்தது அதே சிசோவத் அரசவைதான்.

அரசராக இருந்து அரசியல் தலைவராக மாறிய சிகானூக் 1950-களிலும் 60-களிலும் அரண்மனைக்குப் பக்கத்து மைதானத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை தேசியக் காங்கிரஸ் என்று கூட்டி, சனங்கள் எழுந்து நின்று அதிகாரிகளைக் குற்றம் சொல்ல வைத்தார். பொன் ஜன்னலின் வேறொரு பதிப்பு. நீண்டகாலம் பிரதமராக இருந்த ஹுன் சென் காலத்தில் அது முகநூல் ஆனது. 2016 ஜனவரியில் புதிய போக்குவரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்த கையோடு, 125 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டாம் என்று அவர் அறிவித்தார். நாட்டில் ஓடுகிற வண்டியில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். நாடாளுமன்றம் செய்த சட்டத்தை ஒரு அறிவிப்பு கழற்றி வைத்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள், எங்கள் தெரு மக்களும்தான்.

இரும்புத் தடிச் சாமி

இந்தத் தொடர்ச்சிக்கு நடுவில் ஒரு பெரும்பள்ளம் இருக்கிறது. 1975 ஏப்ரலில் புனோம் பென்னைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம், பணம், சந்தை, சொத்து, நீதிமன்றம் நான்கையும் ஒன்றாகவே ஒழித்தது. 1979-ல் அது விழுந்தபோது நாட்டில் உயிரோடு மிஞ்சிய சட்டம் படித்தவர்கள் பத்துப் பேருக்குள்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். நில ஆவணங்கள் அழிந்துவிட்டன. வீடு திரும்பியவர்கள் காலியாக இருந்ததில் குடியேறினார்கள். 1989-ல்தான் தனிச்சொத்து திரும்ப வந்தது. 2001 நிலச் சட்டம், சண்டை சச்சரவில்லாமல் ஐந்தாண்டு அனுபவத்தில் வைத்திருந்தவர்கள் உரிமை கேட்கலாம் என்றது. மிங்கின் தாளுக்கு அதுதான் அடிப்படை. அரசனும் போய், கோயிலும் போய், காகிதமும் போன நாட்டில் நியாக் தா மட்டும் அதே மரத்தடியில் இருந்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஐ.நா. துணையோடு 2006-ல் தொடங்கிய கெமர் ரூஜ் விசாரணை மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்தபோது எனக்கு இது உறைத்தது. வெளிநாட்டு நீதிபதிகள், மூன்று மொழிகளில் உடனடி மொழிபெயர்ப்பு, கண்ணாடித் தடுப்பு, சர்வதேசச் சட்டத்தின் அத்தனை ஏற்பாடும் அங்கே இருந்தது. சாட்சி வந்து உட்கார்ந்ததும் தலைமை நீதிபதி கேட்ட தொடக்கக் கேள்விகளில் ஒன்று: இந்த மன்றத்துக்குக் கிழக்கே இருக்கும் இரும்புத் தடிச் சாமியின் முன்னால் சத்தியம் செய்துவிட்டு வந்தீர்களா? வளாகத்தில் லோக் தா தம்பாங் தேக் என்ற அந்தச் சாமியின் சிலை ஒன்று இருந்தது. கையில் தடி. அதன் முன்னால் சத்தியம் செய்த பிறகுதான் பௌத்தரான சாட்சி உள்ளே சாட்சி சொல்ல வர முடிந்தது. தூல் ஸ்லெங் சிறைத் தலைவன் தூச்சுக்கு 2010-ல் 35 ஆண்டும், மேல்முறையீட்டில் 2012-ல் ஆயுளும் விதித்தது இந்த மன்றம்தான். 2022 வரை ஓடியது. இதை ஒரு அலங்காரம் என்று மேல்நாட்டுச் செய்தியாளர்கள் சிலர் எழுதினார்கள். சாட்சி சொல்ல வந்த குடியானவருக்கு எது அலங்காரமாகத் தெரிந்திருக்கும், கிழக்கே இருந்த தடியா, மேடையிலிருந்த கறுப்பு அங்கியா என்று அவர்கள் கேட்டிருக்கலாம்.

ஆனால் நியாக் தாவுக்கும் ஒரு எல்லை உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், அதே மரத்தடியைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும், அதனால் பயந்தார். ஒரு கம்பெனிக்குப் பிள்ளைகள் இல்லை. புனோம் பென்னின் நடுவில் பெங் காக் என்று ஒரு ஏரி இருந்தது. 2007-ல் ஏரியும் கரையுமாக 133 ஹெக்டேரை ஒரு தனியார் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2001 சட்டப்படி ஏரி என்பது அரசின் பொதுச் சொத்து, அப்படிக் கொடுக்க முடியாது. குத்தகை போட்ட மறு ஆண்டு ஒரு துணை ஆணை வந்து அதை அரசின் தனிச் சொத்தாக மாற்றிவிட்டது. மணலைக் குழாயில் கொண்டுவந்து ஏரியை நிரப்பினார்கள், கரையிலிருந்த சுமார் 4,000 குடும்பங்கள் இடம் பெயர வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பங்களின் பெண்கள் எல்லாப் படியும் ஏறிப் பார்த்தார்கள். பெருவிரல் பதித்த மனுக்கள், பிரதமர் வீட்டு வாசல், நீதிமன்ற வாசலில் மிளகாயும் உப்பும் எரித்துச் சாபம்.

இத்தனைக்கும் அவர்கள் முதலில் கேட்டது ரொம்பச் சாதாரணமான ஒன்று. உலக வங்கிப் பணத்தில் நாடு முழுக்கப் பட்டா வழங்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. சர்வேயர் எங்கள் வீட்டுக்கும் வந்து நாடா பிடித்து அளக்கட்டும், ஐந்தாண்டு அனுபவம் இருக்கிறதா என்று பார்க்கட்டும் என்றார்கள். அளவைக் குழு வட்டாரத்துக்கு வந்தது, அவர்களை விட்டுவிட்டுப் போனது. 2009-ல் அவர்கள் சார்பில் ஒரு புகார் வாஷிங்டனில் உலக வங்கியின் ஆய்வுக்குழுவுக்குப் போனது. அரசனுக்கும் மேலே ஒரு அரசன் இருக்கிறான் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குழு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது. கம்போடியாவுக்குப் புதிய கடன்களை வங்கி நிறுத்தி வைத்திருப்பது 2011 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. சில நாட்களுக்குள் ஹுன் சென் கையெழுத்தில், மிச்சமிருந்த குடும்பங்களுக்கு 12.44 ஹெக்டேர் என்று ஆணை வந்தது. அதிலும் கோட்டுக்கு வெளியே விடுபட்ட வீடுகள் இருந்தன. அவற்றுக்காக 2012 மே மாதம் மணல்மேட்டில் கூடிய 13 பெண்களைக் கைது செய்தார்கள். இரண்டாம் நாளே விசாரணை, அன்றைக்கே தீர்ப்பு, இரண்டரை ஆண்டு. ஒரு மாதம் கழித்து மேல்முறையீட்டில் அவர்கள் வெளியே வந்தார்கள். குற்றம் உறுதி செய்யப்பட்டது, தண்டனையை மட்டும் அதுவரை சிறையில் இருந்த நாட்களோடு முடித்துக்கொண்டார்கள்.